சம்மன் என்று நாம் அழைக்கும் இரண்டு காகிதங்கள்

கேள்வி: மதிப்பிற்குரிய வழக்கறிஞர் அவர்களுக்கு வணக்கம். நான் பினாங்கு ஜெலுத்தோங்கில் குடியிருக்கிறேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீசியனாக வேலை செய்கிறேன். இந்த ஆண்டு தைப்பூசம் முடிந்த மறுவாரம் என் காரை அக்கா மகன் எடுத்துச் சென்றபோது, கிரீன் லேனில் சிவப்பு விளக்கை மீறியதாக என் பெயருக்குப் போலீஸிலிருந்து சம்மன் வந்தது. அவன் இன்னும் பி லைசென்ஸில், அதாவது புது ஓட்டுநருக்கான தகுதிகாண் லைசென்ஸில், இருப்பவன். சுதந்திர தினமான மெர்டேக்காவை ஒட்டிச் சலுகை அறிவிப்பார்கள், அப்போது பாதி விலையில் கட்டிக்கொள்ளலாம் என்று அதை எடுத்து வைத்துவிட்டேன். நான்கு மாதம் ஓடிவிட்டது. போன வாரம் சாலை வரியைப் புதுப்பிக்கப் போனால், காரின் பெயரில் தடை இருப்பதால் முடியாது என்கிறார்கள். இப்போதுள்ள வரியும் காப்புறுதியும் அடுத்த மாதக் கடைசியில் முடிகின்றன. இதற்கிடையில் இன்னொரு கடிதமும் வந்திருக்கிறது. அதில் நீதிமன்றத்தின் பெயரும் ஒரு தேதியும் இருக்கின்றன. பழைய சம்மனை நினைவூட்டும் கடிதம்தான் என்று மனைவி சொல்கிறார். லிட்டில் இந்தியாவில் கார் நிறுத்தியதற்காக மாநகர் மன்றம் போட்ட இரண்டு கம்பவுண்டுகளும் பாக்கி. இவ்வளவு நாளுக்கு வட்டி ஏறியிருக்குமா? கைது செய்வார்களா? தெரிந்தவர் ஒருவர், 200 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் உள்ளே சொல்லி எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்கிறார். காரை ஓட்டாத நான் ஏன் கட்ட வேண்டும் என்றும் தோன்றுகிறது. என்ன செய்வது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்கு உடனே கேட்கத் தோன்றியது ஒன்றுதான்: அந்த இரண்டாவது கடிதத்தில் இருக்கும் தேதி எது? நீங்கள் அதை எழுதவில்லை. வட்டியைப் பற்றியும் சலுகையைப் பற்றியும் சாலை வரியைப் பற்றியும் விரிவாகக் கேட்ட நீங்கள், இந்த விவகாரத்தில் உண்மையாகவே அவசரமான ஒன்றை இரண்டே வரியில் கடந்துவிட்டீர்கள். ஆகவே இந்தப் பதிலைத் தொடர்ந்து படிப்பதற்கு முன், தயவுசெய்து எழுந்து போய் அந்தக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேதி இன்னும் வரவில்லை என்றால் நிலைமை கையில் இருக்கிறது. தேதி கடந்துவிட்டது என்றால், மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு நாளைக் காலையே நீதிமன்றப் பதிவகத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

இந்தக் குழப்பத்துக்கு உங்களையோ உங்கள் மனைவியையோ குறை சொல்ல முடியாது. நம் நாட்டில் போக்குவரத்து தொடர்பாக வரும் எந்தக் காகிதத்தையும் நாம் சம்மன் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கண்ணாடித் துடைப்பானில் செருகிய சீட்டும் சம்மன், தபாலில் வந்த அறிவிப்பும் சம்மன், மாஜிஸ்திரேட் கையெழுத்திட்டு அனுப்பும் ஆணையும் சம்மன். சட்டத்தின் பார்வையில் கடைசியாகச் சொன்னது மட்டுமே சம்மன். அதாவது, இன்ன நாளில் இன்ன நேரத்தில் நீதிமன்றத்தில் வந்து நில் என்று உங்களுக்குப் பிறப்பிக்கப்படும் கட்டளை. மற்றவை அறிவிப்புகளும், அவற்றோடு சேர்ந்து வரும் கம்பவுண்டு வாய்ப்புகளும்தான். எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலர் இரண்டையும் ஒரே உறையில் போட்டு, ஒன்றாக ஸ்டேப்ளர் அடித்துக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். முதல் வேலையாக நான் அந்த ஊசியைப் பிரித்து இரண்டையும் தனித்தனியாக வைப்பேன்.

முதல் காகிதத்தை எடுத்துக்கொள்வோம். சம்பவ இடத்திலேயே போலீஸ்காரர் எழுதிக் கொடுக்கும் சீட்டு, ‘போல் 257’ (Pol. 257) என்ற வகை. கேமராவிலோ தொலைவிலிருந்தோ வண்டி எண்ணை மட்டும் வைத்துப் பதிவு செய்யப்பட்டால், பதிவு உரிமையாளரின் முகவரிக்குத் தபாலில் வருவது ‘போல் 170ஏ’ (Pol. 170A). உங்களுக்கு வந்தது இந்த இரண்டாம் வகையாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் ஓட்டியவன் அக்கா மகன், காகிதம் வந்ததோ உங்கள் பெயருக்கு. இந்த அறிவிப்பு 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 115ஆவது பிரிவைச் சார்ந்தது. அந்தப் பிரிவு உரிமையாளரிடம் கேட்பது, அந்த நேரத்தில் இந்த வண்டியை ஓட்டியவர் யார் என்ற தகவலை. பணம் என்பது அடுத்த படிதான். நீங்கள் பதில் சொல்லாமல் விட்டால், ஓட்டியவர் நீங்களே என்று கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தோளில் வந்து விழுகிறது. ஆகவே, ஓட்டாத நான் ஏன் கட்ட வேண்டும் என்ற உங்கள் கேள்வி நியாயமானதுதான் என்றாலும், அதைக் கேட்க வேண்டிய காலத்தில், கேட்க வேண்டிய இடத்தில் நீங்கள் கேட்கவில்லை. பிப்ரவரி மாதமே அக்கா மகனை அழைத்துக்கொண்டு போக்குவரத்துப் பிரிவுக்குப் போய் அவனுடைய அடையாள அட்டை, லைசென்ஸ் விவரங்களைக் கொடுத்திருந்தால், இந்த விவகாரம் அப்போதே அவன் பெயருக்கு மாறியிருக்கும்.

அடுத்து, கம்பவுண்டு என்றால் என்ன என்பதைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் வட்டிக் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது. கம்பவுண்டு என்பது நீங்கள் அரசாங்கத்துக்குப் பட்ட கடன் அன்று. ஒரு குற்றத்துக்காக உங்களை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக அதிகாரம் உள்ள தரப்பு, இவ்வளவு தொகையை இந்த நாளுக்குள் கட்டினால் வழக்குத் தொடராமல் விட்டுவிடுகிறோம் என்று வைக்கும் ஓர் இணக்க ஏற்பாடு அது. கட்டிவிட்டால் அந்தக் குற்றத்துக்காக உங்கள் மேல் வழக்கு வராது. குற்றவாளி என்ற தீர்ப்பும் உங்கள் பெயரில் ஏறாது. கடன் அல்ல என்பதால் அதற்கு வட்டி ஏறுவதும் கிடையாது; உங்கள் 300 வெள்ளி நான்கு மாதத்தில் 400 வெள்ளியாகக் குட்டி போட்டிருக்காது. வங்கிக் கடன்களைப் பதிவு செய்யும் சிசிஆர்ஐஎஸ் அறிக்கையிலும் போலீஸ் கம்பவுண்டு ஏறாது, அந்தக் கவலையையும் விட்டுவிடலாம். ஆனால் கடன் அல்ல என்பதிலேயே ஆபத்தும் இருக்கிறது. கடனை என்றைக்குக் கட்டினாலும் கடன் கொடுத்தவன் வாங்கிக்கொள்வான். கெடு முடிந்த கம்பவுண்டை வாங்கிக்கொண்டுதான் தீர வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

2026 ஜனவரி 1ஆம் தேதி முதல் இந்தக் கெடு முன்னைவிடக் கண்டிப்பாகிவிட்டது. போலீஸும் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயும் அதுவரை தனித்தனியாக வைத்திருந்த கழிவு முறைகளை விட்டு, ஒரே முறைக்கு வந்திருக்கின்றன. முதல் 15 நாளுக்குள் கட்டினால் 50 விழுக்காடு கழிவு. 16ஆம் நாளிலிருந்து 30ஆம் நாள் வரை 33 விழுக்காடு. 31ஆம் நாளிலிருந்து 60ஆம் நாள் வரை முழுத் தொகை. 60 நாளைத் தாண்டினால் நீதிமன்றம். 300 வெள்ளிக் கம்பவுண்டு ஒன்றை எடுத்துக்கொண்டால், முதல் இரண்டு வாரத்தில் 150, அதற்கடுத்த இரண்டு வாரத்தில் ஏறக்குறைய 200, பிறகு 300 என்று போகும். நாள் கணக்கைக் காகிதத்தில் அச்சிட்ட தேதியிலிருந்து எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு; தபால் எப்போது வந்தது, நாம் எப்போது பிரித்தோம் என்று எண்ணத் தொடங்கினால் முதல் கழிவை இழந்துவிடுவோம்.

மெர்டேக்கா சலுகைக்காகக் காத்திருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் அந்தப் பழக்கத்தை நமக்கு ஊட்டியதே முன்னைய ஏற்பாடுகள்தான். ஒழுங்காக உடனே கட்டியவன் முழுசாகக் கட்டினான். கட்டாமல் இழுத்தவனுக்குத் திருவிழாக் கழிவு கிடைத்தது. 2021 டிசம்பரில் கோலாலம்பூர் மாநாட்டு மையத்தில் 80 விழுக்காடு கழிவு கொடுத்தபோது நின்ற வரிசையை நினைவுள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புது முறைக்கு மாறும் முன், 2025 நவம்பரிலும் டிசம்பரிலும் பழைய பாக்கிகளைத் தீர்த்துக்கொள்ள ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும், பொறுத்தவன் பூமி ஆள்வான் என்று நம்மவர்கள் சிரித்துக்கொண்டே கட்டிவிட்டு வந்தார்கள். இப்போதைய முறை அந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டது: சலுகை முன்பக்கத்தில் இருக்கிறது, பின்பக்கத்தில் மாஜிஸ்திரேட் உட்கார்ந்திருக்கிறார். இனி எந்தக் காலத்திலும் சலுகை அறிவிக்க மாட்டார்கள் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அப்படியே அறிவித்தாலும், ஏற்கெனவே நீதிமன்றத்துக்குப் போய்விட்ட வழக்கை அது காப்பாற்றும் என்று நினைத்து உட்கார்ந்திருப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

இனி அந்த இரண்டாவது காகிதம். நான் அதைப் பார்க்கவில்லை என்பதால், எதைத் தேட வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். மேலே ‘மஹ்கமா மஜிஸ்ட்ரெட்’ (மாஜிஸ்திரேட் நீதிமன்றம்) என்று இருக்கிறதா, வழக்கு எண் ஒன்று இருக்கிறதா, ‘ஓராங் கெனா சமன்’ (சம்மன் செய்யப்பட்டவர்) அல்லது ‘தெர்துடுஹ்’ (குற்றம் சாட்டப்பட்டவர்) என்று குறிப்பிட்டு உங்கள் பெயரும் அடையாள அட்டை எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது நினைவூட்டல் அன்று, உண்மையான சம்மன். தீவில் நடந்த குற்றம் என்பதால் பெரும்பாலும் ஜார்ஜ்டவுன் லைட் ஸ்ட்ரீட்டில் உள்ள நீதிமன்றக் கட்டடத்தைத்தான் குறிப்பிட்டிருப்பார்கள், என்றாலும் இடத்தையும் அறை எண்ணையும் காகிதத்தில் உள்ளபடியே பின்பற்றுங்கள். அதற்கு மாறாக, ‘தாவாரான் கொம்பாவுன்’ (கம்பவுண்டு வாய்ப்பு) என்ற தலைப்போடு, இந்தத் தேதிக்குள் கட்டத் தவறினால் நீதிமன்ற நடவடிக்கை எடுக்கப்படும் என்று எழுதியிருந்தால், அது இன்னமும் கம்பவுண்டு நிலையிலேயே இருக்கிறது. அதில் உள்ள தேதி பணம் கட்டுவதற்கான கெடு. அப்படியானால் இன்றிரவே போலீஸின் மைபாயார் பிடிஆர்எம் இணையத் தளத்தில் உங்கள் அடையாள அட்டை எண்ணையும் வண்டி எண்ணையும் போட்டுப் பார்த்து, தொகை காட்டினால் முழுசாகக் கட்டிவிடுங்கள்; அல்லது போக்குவரத்துப் போலீஸ் முகப்பில் கட்டுங்கள். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பை அழுத்திக் கட்டாதீர்கள், சம்மன் பெயரில் ஏமாற்றுக்காரர்கள் அனுப்பும் இணைப்புகள் ஏராளமாகச் சுற்றுகின்றன.

உண்மையான சம்மனாக இருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது குற்றச்சாட்டு எந்தப் பிரிவின் கீழ் என்பதை. இதை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் உங்கள் விஷயத்தில் எல்லாமே இதைப் பொறுத்துத்தான். சமிக்ஞை விளக்கை மீறிய குற்றம் 79ஆவது பிரிவின் 2ஆம் உட்பிரிவில் வருகிறது. நீதிமன்றம் குற்றவாளி என்று கண்டால், அதற்கான அபராதம் 300 வெள்ளிக்குக் குறையாமலும் 2,000 வெள்ளிக்கு மேற்படாமலும் இருக்கும். நான்கு மாதத் தாமதத்தின் உண்மையான விலை இதுதான். பிப்ரவரியில் பாதிக் கழிவோடு முடிந்திருக்கக்கூடிய காரியம், இப்போது 300 வெள்ளியைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்டு, எங்கே நிற்கும் என்று மாஜிஸ்திரேட் முடிவு செய்யும் காரியமாகிவிட்டது. சிவப்பு விளக்கு மீறலுக்கு, ஓட்டுநரின் லைசென்ஸில் குற்றப் புள்ளிகளை ஏற்றும் கெஜாரா முறையில் 4 புள்ளிகளும் உண்டு. மாறாக, குற்றச்சாட்டு 115ஆவது பிரிவின் கீழ் இருந்தால், உங்கள் மேல் வந்திருக்கும் பழி வேறு: ஓட்டுநர் யார் என்று சொல்லாமல் இருந்தது. முதல் குற்றத்தை நீங்கள் செய்யவில்லை. இரண்டாவதை, நீங்களே எழுதியிருப்பதைப் பார்த்தால், செய்திருக்கிறீர்கள்.

இந்த வேறுபாட்டை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சீக்கிரம் முடிந்தால் போதும் என்ற எண்ணத்தில், கூப்பிட்டதும் எழுந்து நின்று ‘மெங்காகு சாலா’ (குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்) என்று சொல்லிவிடுவது நம்மவர்களிடம் சாதாரணம். நான் தொழிலுக்கு வந்த புதிதில், லைட் ஸ்ட்ரீட்டில் ஒரு காலைப் பொழுது முழுக்க, குற்றச்சாட்டு என்ன என்று புரியாமலேயே தலையாட்டிவிட்டு அபராதச் சீட்டோடு வெளியே வந்தவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். நீங்கள் ஓட்டவில்லை என்றால், சிவப்பு விளக்கை மீறியதாக உங்கள் வாயால் ஒப்புக்கொள்ளக் கூடாது. அக்கா மகனையும் உடன் அழைத்துப் போங்கள். வழக்கை நடத்தும் அதிகாரியிடம், பெயர் கூப்பிடுவதற்கு முன்பே, ஓட்டியவன் இவன், இவனும் ஒப்புக்கொள்கிறான் என்று சொல்லுங்கள். குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுவதும், மாற்றுவதும், அந்தக் கட்டத்திலும் கம்பவுண்டுக்குச் சம்மதிப்பதும் வழக்குத் தரப்பின் விருப்புரிமைக்கு உட்பட்டவை. நீங்கள் உரிமையாகக் கேட்க முடியாது, ஆனால் மரியாதையாகக் கேட்கலாம், கேட்கிறவர்களுக்குச் சில நேரம் கிடைப்பதும் உண்டு. நீதிமன்ற மொழி மலாய். புரியவில்லை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கேட்டால் ஏற்பாடு செய்வார்கள்.

அக்கா மகன் பி லைசென்ஸில் இருப்பதால் புள்ளிகள் அவன் பெயரில் ஏறக் கூடாது என்று வீட்டில் பேச்சு எழுந்திருக்கலாம். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன். வண்டியே ஓட்டாத பாட்டியின் லைசென்ஸ் எண்ணைக் கொடுத்துப் புள்ளிகளை அங்கே தள்ளிவிடும் வித்தை நம் ஊரில் நெடுநாளாக இருக்கிறது. அது விளையாட்டுக் காரியம் அன்று. அரசு ஊழியருக்குத் தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது குற்றவியல் சட்டத்தொகுப்பின் 182ஆவது பிரிவின்படி தனிக் குற்றம். சிவப்பு விளக்கைவிட அது பல மடங்கு கனமானது. பையனின் 4 புள்ளிகளை அவனே சுமக்கட்டும்.

கைது செய்வார்களா என்று கேட்டிருந்தீர்கள். கம்பவுண்டு கட்டவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரையும் வீட்டு வாசலில் வந்து பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள். ஆனால் நீதிமன்றச் சம்மன் முறைப்படி சேர்ப்பிக்கப்பட்டது என்று நிரூபணமாகி, குறித்த நாளில் நீங்கள் வராமல் போனால், மாஜிஸ்திரேட் கைதாணை பிறப்பிக்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதற்கு நேரடியாக இடம் தருகிறது. ‘வாரான் தங்காப்’ என்று நாம் பயந்து சொல்வது இதைத்தான். கைதாணை பிறந்துவிட்டால், அது எங்கே, எப்போது உங்கள் மேல் நிறைவேறும் என்பது உங்கள் கையில் இல்லை. சாதாரணச் சாலைத் தடுப்புச் சோதனையில் அடையாள அட்டையைக் கொடுக்கும்போது தெரியவரலாம். வெள்ளிக்கிழமை மாலை என்றால், ஜாமீனுக்கு ஆள் தேடும் குடும்பத்தின் அலைச்சலை நான் விவரிக்க வேண்டியதில்லை. முறைப்படிச் சேர்ப்பது என்றால் உங்கள் கையில்தான் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆள் அகப்படாவிட்டால், உடன் வசிக்கும் வயதுவந்த குடும்பத்தாரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். வேறு வழியில்லை என்றால் வீட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவிட்டும் போகலாம். எனக்குக் கிடைக்கவே இல்லை என்று பிறகு சொல்வது, நினைப்பதைவிடக் கடினம். வீடு மாறியும் ஜேபிஜேயில் பழைய முகவரியையே விட்டு வைத்திருப்பவர்கள் இந்த வகையில்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் ஜெலுத்தோங்குக்கு எப்போது குடிவந்தீர்கள் என்று தெரியவில்லை. பதிவில் உள்ள முகவரியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நாள் கடந்துவிட்டது என்றால் என்ன செய்வது? ஒளிந்துகொள்வதைத் தவிர வேறு எதையும் செய்யலாம். பதிவகத்தில் வழக்கு எண்ணைக் கொடுத்து, கைதாணை பிறந்திருக்கிறதா, அடுத்த தேதி எது என்று கேளுங்கள். பிறந்திருந்தால், ஒரு வழக்கறிஞரோடு தாமாகவே ஆஜராகி, வராமல் போனதற்கான காரணத்தைச் சொல்லி அதை ரத்து செய்யக் கேட்கலாம். தானே வந்து நிற்பவரையும் பிடித்துக் கொண்டுவரப்பட்டவரையும் எந்த நீதிமன்றமும் ஒரே கண்ணோடு பார்ப்பதில்லை. வழக்கறிஞர் கட்டணம் சுமையாக இருந்தால், வழக்கறிஞர் மன்றத்தின் பினாங்கு சட்ட உதவி மையத்தை அணுகிப் பாருங்கள். வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு அங்கே வழி உண்டு.

அபராதம் விதிக்கப்பட்டால், அன்றைக்கே முழுத் தொகையும் கையில் இல்லை என்பதற்காக நடுங்க வேண்டாம். கால அவகாசம் கேட்கலாம், தவணையும் கேட்கலாம். இரண்டையும் தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அபராதத்தோடு, கட்டத் தவறினால் இத்தனை நாள் சிறை என்றும் சேர்த்தே உத்தரவிடுவது வழக்கம். ஆகவே நீதிமன்ற அபராதத்தைக் கம்பவுண்டு போல நினைத்து அலமாரிக்குள் போட்டுவிட முடியாது. குடும்பச் சுமை, முன்குற்றம் இல்லாமை, மருத்துவச் செலவு போன்றவை இருந்தால், தண்டனையைக் குறைக்கக் கேட்கும்போது சுருக்கமாகச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டும் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக் காகிதமும் கையில் இருந்தால், வாயால் சொல்வதைவிட அவை நன்றாகப் பேசும்.

சாலை வரிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் மிகவும் எரிச்சலோடு எழுதியிருக்கும் பகுதி இது. தீராத போக்குவரத்து விவகாரம் உள்ள வண்டிக்கோ உரிமையாளருக்கோ சாலை வரியையும் லைசென்ஸையும் புதுப்பிக்க மறுக்கும் ஏற்பாட்டைத்தான் நாம் கருப்புப் பட்டியல் என்கிறோம். பையன் செய்த தப்புக்கு என் காரை ஏன் முடக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் பதிவில் இருப்பது உங்கள் பெயர், ஓட்டியது வேறு ஒருவர் என்று நீங்கள் அறிவிக்கவும் இல்லை. விவகாரம் தீர்ந்ததும் தடை எடுக்கப்படும். பணம் கட்டிய ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டொரு நாளில் மைஜேபிஜே செயலியில் பாருங்கள். இன்னும் தடை காட்டினால் ரசீதோடு ஜேபிஜே அலுவலகத்துக்கே போய்க் கேளுங்கள்.

இதில் நான் உண்மையாகவே அஞ்சுவது வேறொன்றை. அடுத்த மாதக் கடைசியில் சாலை வரியும் காப்புறுதியும் ஒன்றாக முடிகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். நம்மில் பலர் இரண்டையும் ஒரே மூச்சில் புதுப்பிப்பதால், ஒன்று தடைப்பட்டால் மற்றதையும் அப்படியே விட்டுவிடுகிறோம். சாலை வரியே எடுக்க முடியாதபோது காப்புறுதிக்கு எதற்குக் காசு என்று நினைக்கிறோம். பிறகு, பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போக வேண்டுமே என்று அதே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். சாலை வரி இல்லாமல் ஓட்டுவது ஒரு குற்றம். மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் ஓட்டுவது அதைவிடப் பெரிய தனிக் குற்றம்: 90ஆவது பிரிவின்படி 1,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், அதோடு, தண்டிக்கப்பட்ட நாளிலிருந்து 12 மாதம் லைசென்ஸ் வைத்திருக்கத் தகுதியிழப்பு. அந்த நேரத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை இடித்துவிட்டால், அடிபட்டவரின் மருத்துவச் செலவும் இழப்பீடும் உங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்துதான் போக வேண்டும். 150 வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் வீட்டை அடகு வைத்த கதை அப்படித்தான் தொடங்குகிறது. மாதக் கடைசிக்குள் தடை நீங்காவிட்டால், கார் வீட்டு வாசலிலேயே நிற்கட்டும்; நீங்கள் தொழிற்சாலைப் பேருந்திலோ நண்பரின் வண்டியிலோ போய் வாருங்கள்.

மாநகர் மன்றக் கம்பவுண்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவை எம்பிபிபி எனப்படும் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்துக்குச் சேர வேண்டியவை. போலீஸ் முகப்பில் கட்ட முடியாது, மேலே சொன்ன 15, 30, 60 நாள் கணக்கும் அவற்றுக்குப் பொருந்தாது. மன்றத்தின் முகப்பிலோ அதன் இணையச் சேவையிலோ நிலுவையைப் பார்த்துக் கட்டிவிடுங்கள். சிறு தொகைதானே என்று விட்டால், மன்றமும் தன் பங்குக்கு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். 10, 20 வெள்ளி விவகாரத்துக்காக ஒரு நாள் விடுப்பு எடுத்து நீதிமன்றத்தில் காத்திருப்பது எந்தக் கணக்கிலும் கட்டுபடியாகாது. நானே ஒருமுறை அப்படி ஒரு சீட்டைக் காரின் வெயில் தடுப்புக்குள் செருகி, ஓராண்டு கழித்து வண்டியைக் கழுவும்போதுதான் கண்டெடுத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

200 வெள்ளிக்கு எல்லாவற்றையும் அழித்துத் தருகிறேன் என்று சொன்ன அந்தத் தெரிந்தவரோடு பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பணம் அவர் பையோடு போய்விடும், சம்மன் அப்படியே இருக்கும். அவர் சொல்வது போல உள்ளே உண்மையாகவே ஆள் இருந்து பணம் கைமாறினால், நிலைமை இன்னும் மோசம். ஊழல் தடுப்பு ஆணையத்தின் 2009ஆம் ஆண்டுச் சட்டம், வாங்கியவரைப் போலவே கொடுத்தவரையும் தண்டிக்கிறது: 20 ஆண்டு வரை சிறையும், லஞ்சத் தொகையைப் போல் ஐந்து மடங்கு அல்லது 10,000 வெள்ளி, இதில் எது அதிகமோ அந்த அளவுக்குக் குறையாத அபராதமும். சிவப்பு விளக்குக்கு மாஜிஸ்திரேட் அதிகபட்சமாகப் போடக்கூடிய 2,000 வெள்ளியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆகவே நாளைக் காலை நீங்கள் செய்ய வேண்டியது, இரண்டு காகிதங்களையும் எடுத்துக்கொண்டு, அக்கா மகனையும் அவனுடைய லைசென்ஸோடு கூட்டிக்கொண்டு, அறிவிப்பில் குறிப்பிட்டுள்ள போக்குவரத்துப் பிரிவுக்குப் போவது. கோப்பு இன்னும் அங்கே இருக்கிறதா, நீதிமன்றத்துக்குப் போய்விட்டதா என்று முதலில் கேளுங்கள். அங்கே இருந்தால் ஓட்டுநர் விவரத்தைப் பதிவு செய்து, கட்ட அனுமதித்தால் ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். நீதிமன்றத்துக்குப் போய்விட்டது என்றால், அந்த நாளுக்கு இருவரும் வேலைக்கும் வகுப்புக்கும் விடுப்பு எழுதிக் கொடுங்கள். காலை 8.30 மணிக்கெல்லாம் கட்டடத்துக்குள் இருங்கள், அறிவிப்புப் பலகையில் உங்கள் பெயர் எந்த அறைக்கு நேராக இருக்கிறது என்று பாருங்கள், காற்சட்டையும் காலணியும் ஒழுங்காக இருக்கட்டும். சிலிப்பர் போட்டு வந்தவரைக் காவலர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். அதற்கு முன், குற்றச்சாட்டுப் பிரிவு எழுதியுள்ள பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்பி வையுங்கள். 79ஆ 115ஆ என்று தெரிந்தால், அன்றைக்கு வாயைத் திறந்து என்ன சொல்ல வேண்டும் என்பதைக் குறிப்பாக எழுதுகிறேன்.